எங்களுக்கு முன் வந்தவர்கள்

கனடாவில் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலும் நாள். விளைச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாளாக 1957இல் அதை நிலையாக வைத்தார்கள். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், எங்கள் தமிழ் வீடுகள் பலவற்றில் அது ஒரு நீண்ட வார இறுதி, அவ்வளவுதான். ஆனால் எனக்கு இங்கு வந்த முதல் வருடமே அந்த நாள் பிடித்துப்போனது. நான் யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன் என்று ஆற அமர யோசிக்க வைக்கிற நாள் அது.

யோசிக்கத் தொடங்கினால் 1986இல் போய் நிற்பேன். அப்போது நான் பிறக்கவே இல்லை. ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள். அவற்றில் 155 இலங்கைத் தமிழர்கள். ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. சில நாட்களாக மிதந்துகொண்டிருந்தவர்களைக் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். அவர் மற்றப் படகுகளையும் உதவிக்கு அழைத்து அத்தனை பேரையும் ஏற்றினார். யார் இவர்கள், எந்த நாடு என்று தெரியாத நேரத்திலேயே செய்த வேலை அது. பிறகு அரசாங்கம் அவர்களுக்கு ஓராண்டு தங்கி வேலைசெய்ய அனுமதி கொடுத்தது. பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள்.

அந்தக் காலத்தில் வந்தவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்தார்கள். ஒரே அறையில் பலர் படுத்தெழும்பி, ஊர்க் கடனை அடைத்து, தம்பி தங்கச்சிமாரைக் கனடாவுக்கு எடுப்பித்தார்கள். நான் வந்திறங்கியபோது கறித்தூள் வாங்கக் கடை இருந்தது, தமிழில் நோவைச் சொல்ல வைத்தியர் இருந்தார், கோயில் இருந்தது. இதெல்லாம் தானாக முளைத்ததில்லை.

நான் முதலில் இருந்த பேஸ்மென்டின் மேல்வீட்டு அன்ரியும் எண்பதுகளின் கடைசியில் வந்தவர்தான். வேலைக்குத் தேவையான சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்) எடுக்க, ஹெல்த் கார்ட்டுக்கு விண்ணப்பிக்க, எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாறுவது என்று காட்ட, எல்லாவற்றுக்கும் கூடவே வந்தார். அவர் வந்தபோது அவரைக் கூட்டிப்போக யாரும் இருக்கவில்லை என்பதை வெகுநாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். டிசம்பரில் ஒருநாள் படியில் நின்று சொன்னார்: "பிள்ளை, பெப்ரவரியில அழுகை வரும். எல்லாருக்கும் வாறதுதான். பயந்திடாத, மேல வா, தேத்தண்ணி குடிப்பம்."

பெப்ரவரியில் அழுகை வந்தது. வேலை முடிந்து ஐந்தரை மணிக்கே இருட்டு. அம்மாவோடு கதைக்க அங்கே விடியற்காலை. மேலே போனேன். அவர் எதையும் கேட்கவில்லை, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். அந்தப் பின்னேரத்துக்கு நன்றி சொல்ல வாயெடுத்தால் இன்றைக்கும் பேச்சை மாற்றி, குளிர்ச் சப்பாத்து வாங்கினாயா என்று கேட்பார்.

எங்கள் கட்டடத்துக்கு இப்போது வவுனியாவிலிருந்து ஒரு இளம் குடும்பம் வந்திருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இரண்டு. வருகிற சனிக்கிழமை அவர்களை நூலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். அங்கத்துவ அட்டை இலவசம், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகங்களும் எடுக்கலாம். அப்படியே சப்பாத்துக் கடைக்கும் போய்வர வேண்டும்.