உள்ளேன் ஐயா

என் எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை யாராவது தூசி தட்டி எடுத்தால், அந்த வருஷம் நான் ஏகப்பட்ட நாள் மட்டம் போட்டதாகத்தான் தெரியும். நான் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி, என் பெயர் வருவதற்கு முன்னால் வரும் ஆறு பெயர்களையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். "உள்ளேன் ஐயா" என்று இரண்டே சொல் சொல்ல வேண்டும், அந்த "உ" வராது. விளையாட்டு மைதானத்தில் உலகம், உண்மை, உதை எல்லாம் தாராளமாக வரும், பதிவேடு திறந்தால் மட்டும் வாய் குவியும், மூச்சு நிற்கும், தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்டதுபோல இருக்கும். வகுப்பில் ஐம்பது பேர், ஐயாவுக்கு எனக்காகக் காத்திருக்க ஏது நேரம், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஒரு நாள் கையைத் தூக்கிப் பார்த்தேன். "ஏன், வாயில்லையா?" என்றார். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் கையையும் தூக்கவில்லை.

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் "விடாமுயற்சியால் வென்ற கதை" ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வந்தது. விடாமுயற்சி சரி, வென்றது எங்கே? முப்பத்தைந்து வருஷமாகியும் நான் திக்குகிறேன், இன்று காலைகூடத் திக்கினேன். இருந்தாலும் எழுதுகிறேன், பக்கத்துக்குப் பக்கம் ஜெயித்தவர்களாகவே இருந்தால் மலர் படிக்கச் சலிப்பாக இருக்கும்.

திக்குவாய் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும், நூற்றில் ஒருவர் என்ற கணக்கில் பெரியவர்களான பிறகும் மிச்சம் இருக்கிறோம், அதிலும் ஆண்கள்தான் அதிகம். குடும்ப வழியாகவும் வரும், மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தோடு சம்பந்தப்பட்டது என்பதெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அதுவரை, சின்ன வயதில் என்னை யாரோ இருட்டில் பயமுறுத்திவிட்டார்கள், அதனால்தான் இப்படி என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். அந்த யாரோ யார் என்று தேடியே பாதி உறவினர்களோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிரேக்கப் பேச்சாளர் டெமஸ்தனீஸ் வாயில் கூழாங்கல் போட்டுப் பேசிப் பழகினார் என்று ஒரு அண்ணன் சொன்னார். நானும் போட்டுப் பார்த்தேன். கல்லோடு திக்கினேன், அவ்வளவுதான்.

என்னிடம் வேறொரு வித்தை இருந்தது. க, த, ப என்று வல்லினத்தில் தொடங்கும் சொற்கள்தான் எனக்கு எதிரி. ஆகவே வாக்கியம் வாயை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, அதில் கண்ணிவெடி எங்கெங்கே இருக்கிறது என்று மனசு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும். கேள்வி என்றால் வினா, பதில் என்றால் விடை, கடைசி என்றால் இறுதி, பேனாவுக்கு எழுதுகோல். பள்ளிக்கூடத்துக்குக்கூட வழி வைத்திருந்தேன், முன்னால் ஒரு இ போட்டு "இஸ்கூல்" என்று சொல்லிவிடலாம். ஒரே வாயில் எழுதுகோலும் இஸ்கூலும் வருவதைக் கேட்டவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. பையன்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் "ஸ்டார்ட் ஆகாத வண்டி". நியாயமாகப் பார்த்தால் நல்ல பெயர்தான், இப்போது எனக்கே பிடித்திருக்கிறது, அப்போது ராத்திரி அழுதிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் வேறொரு தமிழ் ஐயா வந்தார். பாடத்தை ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தது. புத்தகத்தில் "கேள்வி" என்று இருந்த இடத்தில் "வினா" என்று வாசித்தேன், "கடைசியில்" என்பதை "இறுதியில்" ஆக்கினேன், வழக்கம்போல் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து உட்கார்ந்தேன். மணி அடித்ததும் கூப்பிட்டார். "உனக்கு இவ்வளவு சொல் தெரிந்திருப்பது சந்தோஷம். ஆனால் எல்லாச் சொல்லையும் தப்பித்து ஓடுவதற்கே வைத்திருக்கிறாயே" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "நாளையிலிருந்து சாயங்காலம் நூலகத்துக்கு வா. திக்கு, எவ்வளவு வேண்டுமானாலும் திக்கு. சொல்லை மட்டும் மாற்றாதே."

தினமும் பதினைந்து நிமிஷம். அவர் எதிரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார், நான் வாசிப்பேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் நிமிர்ந்து பார்ப்பார், உதவிக்கு வர மாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார், சிவப்புப் பேனா மட்டும் அப்படியே காற்றில் நிற்கும். சொல் வெளியே வந்ததும் பேனா இறங்கும். "கப்பல்" என்ற ஒரு சொல்லுக்கு அந்தப் பேனா எவ்வளவு நேரம் நின்றது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது, வெளியே விளையாடிய பையன்கள் ஒரு ஓவரையே முடித்துவிட்டார்கள். இப்படி இரண்டு வருஷம். முன்னேற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத மாதங்கள் நிறைய உண்டு, நேற்று வந்த சொல் இன்று வராது, போதும் என்று நாலைந்து தடவை நின்றுவிட்டேன். நின்றுவிட்டேன் என்று அவரிடம் போய்ச் சொல்வதற்கும் பேச வேண்டியிருந்ததால், மறுபடி போய் உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்தேன்.

என்னோடு வீட்டுக்கு நடக்கும் நண்பன் நூலக வாசலில் காத்திருப்பான். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் அவனும் கூடவே வாசித்தான், எனக்கு ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. இருவரும் பயந்துபோனோம். இன்னொருவரோடு சேர்ந்து வாசித்தால் பெரும்பாலும் திக்காது, பாடினாலும் திக்காது, இது உலகம் முழுக்கத் திக்குபவர்கள் அறிந்ததுதான். எங்களுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. காலைக் கூட்டத்தில் என்னைச் செய்தி வாசிக்க விட்ட அன்று முதல் வரிசையில் நின்று அவன் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தான். இருந்தும் திக்கினேன், ஒரு நிமிஷச் செய்திக்கு நாலு நிமிஷம் எடுத்தேன். முதலில் சிரித்தார்கள், அப்புறம் வெயிலில் நிற்க முடியாமல் எரிச்சலானார்கள், முடித்தபோது நிம்மதியில் கைதட்டினார்கள். எந்தச் சொல்லையும் மாற்றாமல் நான் பொதுவில் பேசியது அதுதான் முதல் தடவை.

வெளிநாடு வந்தபின் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்தச் சிவப்புப் பேனா கதையைச் சொன்னேன். அவர்தான் சார்லஸ் வான் ரைப்பர் பற்றிச் சொன்னார். அமெரிக்கர், தானே திக்குபவர், 1905-இல் பிறந்தவர், இந்தத் துறைக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர். திக்கவே கூடாது என்று மல்லுக்கட்டுவதைவிட, பயப்படாமல், இறுக்கமில்லாமல் திக்கப் பழகு என்பதுதான் அவர் வழி. எங்கள் ஐயா அவரைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜின் கதையையும் அப்போதுதான் முழுசாகக் கேட்டேன். 1925-இல் வெம்பிளியில் இளவரசராகப் பேச நின்று திணறினார், அடுத்த வருஷம் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குப் போனார். லோக் மருத்துவரே அல்ல. பதின்மூன்று வருஷம் கழித்து, 1939 செப்டம்பர் 3 அன்று போர் தொடங்கியதை வானொலியில் சொன்னபோது, லோக் அதே அறையில் கூடவே இருந்தார். அந்தப் பேச்சிலும் நிறுத்தங்கள் இருக்கின்றன. நான் அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த நிறுத்தங்களைத்தான் கேட்கிறேன்.

வேலை தேடிய காலத்தைப் பற்றி அதிகம் எழுத ஆசையில்லை. பதினொரு நேர்முகம், பதினொன்றிலும் முதல் கேள்வி என் பெயர். பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது, என்னுடையது ப-வில் வேறு தொடங்குகிறது. ஓரிடத்தில் "பெயர் மறந்துவிட்டதா?" என்று கேட்டார்கள், சிரித்துக்கொண்டேதான். பன்னிரண்டாவது இடத்தில், உட்கார்ந்ததுமே "நான் திக்குவேன், முடிக்கும்வரை பொறுங்கள்" என்றேன். அதையே திக்கித்தான் சொன்னேன். அங்கே வேலை கிடைத்தது. பத்தொன்பது வருஷமாக இப்போது என் வேலையே தொலைபேசியில் புகார் கேட்பது. கோபத்தோடு கூப்பிடுபவர்கள் என் முதல் சொல்லுக்காகக் காத்திருக்கும்போதே பாதி ஆறிவிடுகிறார்கள், எங்கள் பிரிவில் இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்கள்.

போன மாதம் சங்கத்தின் இணையவழிக் கூட்டத்தில், நூலக வாசலில் காத்திருந்த அந்த நண்பன்தான் விளையாட்டுக்காக எட்டாம் வகுப்பு வருகைப் பட்டியலை வாசித்தான். ஒவ்வொருவராக உள்ளேன் ஐயா சொன்னார்கள். பழைய பழக்கத்தில் விரல் ஆறு எண்ணியது. என் பெயர் வந்தது. வாய் குவிந்தது, மூச்சு நின்றது, திரையில் இருபத்து மூன்று முகங்களும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன, அடுத்த பெயருக்கு அவன் போகவில்லை. ஏழெட்டு நொடி இருக்கும். "உள்ளேன் ஐயா" என்றேன், சுத்தமாக.

"டேய், மியூட்டில் இருக்கிறாய்" என்றான்.

மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை இன்னும் நேரமாயிற்று.