மண் பாதைக்கு எந்த ஜிபிஎஸ்?

பாலமேடு, நத்தம் பக்கம் மலையடிவார மண் பாதைகளில் பைக் ஓட்டும் தம்பிகளுக்கு: வழி பார்க்கப் போனை மட்டும் நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் சூடாகி அணைந்துவிடும். பைக்கின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது கார்மின் கம்பெனியின் கையடக்க ஜிபிஎஸ் கருவி, ஈட்ரெக்ஸ் 32எக்ஸ். திரை 2.2 அங்குலம்தான். ஆனால் கையுறையோடு அழுத்த பட்டன்கள், நல்ல வெயிலிலும் தெரியும் திரை. சுவர்க்கடிகாரத்தில் போடுகிற ஏஏ பேட்டரி இரண்டு போதும், அது வாடிப்பட்டிப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். தார்ச்சாலையிலும் நிறைய ஓட்டுபவர் என்றால் அதே கம்பெனி பைக்குக்கென்றே செய்த 5.5 அங்குலத் திரை ஸூமோ எக்ஸ்டி சரி, விலைதான் கனம்.

அப்புறம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். டவர் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும், வரைபடத்தைத் தராது. போகும் பாதையைப் பதிந்து வைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்காத கருவி வேண்டவே வேண்டாம். காப்புக்காட்டுக்குள் திரை பாதை காட்டினாலும் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள்.