தண்டனை முடிந்த பிறகு

மார்ச் 3

பிரிட்டிஷ் ஆவணப்படக்காரர் லூயி தெரூ 2009-இல் பிபிசிக்காக எடுத்த ஓர் ஆவணப்படத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். கலிபோர்னியாவில் கோலிங்கா என்று ஒரு சின்ன ஊர், அங்கே 2005-இல் திறந்த அரசு மனநல மருத்துவமனை, 1,500 படுக்கை. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் பாலியல் குற்றவாளிகள், குழந்தைகளைச் சீரழித்தவர்கள் நிறையப் பேர். சிறைத் தண்டனையை முழுதாக அனுபவித்து முடித்தவர்கள், ஆனாலும் வெளியே விடவில்லை. பார்க்கும்போது வயிற்றைப் பிசைந்தது. அதில் சிலர் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார்கள்! அந்தப் பேச்சை நம்பித்தானே பிள்ளைகளை விட்டிருப்பார்கள்.

மார்ச் 4

இது எப்படிச் சட்டப்படி செல்லும் என்று ராத்திரி முழுக்கப் படித்தேன். 1996-இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம். விடுதலை நெருங்கும்போது நிபுணர்கள் இரண்டு பேர் பரிசோதித்து, மனக்கோளாறு இருக்கிறது, வெளியே போனால் மறுபடி செய்வான் என்று சொன்னால் வழக்கு நீதிமன்றம் போகும். முதலில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வழக்கைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2006-இல் வாக்கெடுப்பு நடத்தி அதைக் காலவரையற்றதாக்கிவிட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்று கேட்டால், 1997-இல் கான்சஸ் வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று பதில் சொல்லியிருக்கிறது: இது தண்டனையே இல்லையாம், சிவில் நடவடிக்கையாம்.

சரி, அப்படியானால் கம்பி வேலி எதற்கு?

மார்ச் 6

படத்தில் என்னை உலுக்கியது இதுதான்: உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே வேண்டாம் என்கிறார்கள். திமிர் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் சிகிச்சை என்றால் பழையதை எல்லாம், பிடிபடாததையும் சேர்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னது கோப்பில் ஏறும், அதே கோப்பு நாளைக்கு விடுதலை விசாரணையில் எதிராக வந்து நிற்கும். சொல்லாவிட்டால் திருந்தவில்லை என்று அர்த்தம். பொய் கண்டறியும் கருவி வேறு, உடல் எதற்குக் கிளர்கிறது என்று அளக்கும் கருவி வேறு. எனக்கு இரண்டின் மேலும் பெரிய நம்பிக்கை இல்லை.

அதற்காக விட்டுவிடலாம் என்று சொல்லமாட்டேன். என் தெருவில் குடிவந்தால் நானும்தான் கொடிபிடிப்பேன். முப்பது வருடம் உள்ளே வைக்க வேண்டிய ஆள் என்றால் தீர்ப்பு நாளிலேயே, பாதிக்கப்பட்டவர்கள் முன்னாலேயே அதைச் சொல்லிவிடலாமே. பத்து வருடம் என்று சொல்லி, பத்தாவது வருடம் வாசலில் மறிப்பது எனக்குக் கள்ளாட்டமாகத்தான் படுகிறது.

மார்ச் 9

அந்த ஊரைப் பற்றித் தேடினால் இன்னொரு கூத்து. இவர்கள் இப்போது கைதிகள் இல்லை, நோயாளிகள், அதனால் ஓட்டுரிமை உண்டு. 2017-இல் நகரசபை விற்பனை வரியைக் கூட்டக் கேட்டு வாக்கெடுப்பு வைத்தது, மருத்துவமனைக்குள் இருக்கும் இவர்கள் திரண்டு எதிர்த்துப் போட்டார்கள், வரி 37 ஓட்டில் தோற்றது! ஊர்க்காரர்களுக்குச் செம கோபம். நோயாளி என்று சொல்லித்தானே உள்ளே வைத்தீர்கள், அப்புறம் ஓட்டு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?