என் கதிர்வீச்சுக் கணக்கு என் பொறுப்பு

ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைகளில் குறுகிய கால ஒப்பந்தத்தின் பேரில் மாறி மாறிப் பணியாற்றும் அணு மருத்துவத் தொழில்நுட்பர் நான். புதிய இடத்தில் சேர்ந்ததும், கதிரியக்க மருந்து தயாரிக்கும் ஹாட் லேப் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். உடலுக்குள் சென்ற மருந்தின் கதிர்களைப் படமாக்கும் காமா கேமராவின் மென்பொருள் சில நாட்களில் கைக்குப் பழகிவிடும். ஹாட் லேபின் வழக்கங்கள் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. மருந்துக்கான டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைத் தரும் கலமான ஜெனரேட்டர் வந்திறங்கும் கிழமையைத் தெரிந்துகொள்ளாமல் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்க முடியாது. அதனுள் இருந்து டெக்னீஷியமாக மாறும் மாலிப்டினம்-99இன் அரை ஆயுள் 66 மணி நேரம் என்பதால், முதல் நாள் தாராளமாகக் கிடைக்கும் டெக்னீஷியம்-99எம் நான்கு நாள் கழிந்தபின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். டெக்னீஷியத்தின் அரை ஆயுளோ 6 மணி நேரம்தான். காலை 8 மணிக்கு அளந்து வைத்த மருந்தை, தாமதமாக வரும் நோயாளிக்கு 11 மணிக்குச் செலுத்தினால் 70 விழுக்காடு அளவே மிஞ்சியிருக்கும்.

கேமராவிலும் ஒன்றைத் தவறாமல் பார்க்கிறேன். கேமராவின் பரப்பு முழுதும் ஒரே சீராகப் பதிவு செய்கிறதா என்று பார்க்கும் காலைச் சீர்மைச் சோதனைக்குப் பல இடங்களில் கோபால்ட்-57 தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதன் காமாக் கதிரின் ஆற்றல் 122 கேஈவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்). டெக்னீஷியத்தின் ஆற்றல் 140. சோதனை முடித்தவர் ஆற்றல் சாளரத்தை, அதாவது கேமரா பதிவு செய்யும் ஆற்றல் வரம்பை, டெக்னீஷியத்துக்கு மாற்றாமல் போயிருந்தால், படம் மங்கலாக வருவதற்கு மருந்தையும் நோயாளியையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இவையெல்லாம் அந்தந்த இடத்தோடு முடிந்துவிடும். உடல் வாங்கிய கதிர்வீச்சு அப்படி முடிவதில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் உடலும் விரலும் வாங்கும் கதிர்வீச்சை அளக்கத் தனித்தனி டோசிமீட்டர் பேட்ஜும் விரல் மோதிரமும் தருகிறது; அளவீட்டு அறிக்கை வரும்போது பெரும்பாலும் நான் அடுத்த இடத்துக்குப் போயிருப்பேன். பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் வரம்போ, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு), எந்த ஒரு தனி ஆண்டிலும் 50க்கு மிகாமல் என்று, பணியாளரின் மொத்த அளவுக்கே விதிக்கப்பட்டது. அத்தனை அறிக்கைகளையும் கூட்டிப் பார்க்கும் வேலையை வேறொருவர் செய்வார் என்று நம்பி இருக்க முடியாது. மோதிரம் கையுறைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று இழுப்பறையில் போட்டுவிட்டு, அளவு குறைவாக வந்தது என்று மகிழ்பவர்களும் இருக்கிறார்கள். அது இழுப்பறை வாங்கிய அளவு, அவ்வளவுதான்.

ஆகவே, ஊதியமும் தங்குமிடமும் பேசி முடிக்கும்போதே, நான் விலகிய பின் அளவீட்டு அறிக்கையை எத்தனை நாட்களுக்குள் அனுப்புவார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறேன். ஆள் சேர்க்கும் முகவர்களுக்கு இது வேண்டாத பிடிவாதமாகத் தோன்றுகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்கள் மறுபேச்சின்றிச் சம்மதிக்கிறார்கள்.