பேட்டரியைக் கழட்டிட்டியா?

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். சென்னைப் பெருங்குடியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் ஐ.டி. சப்போர்ட் அறைக்கு ஒரு பெண் வந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. லேப்டாப்பைப் பையில் போடாமல் ஒரு துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். "அண்ணா, வெள்ளிக்கிழமை நைட்டு நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஆன் பண்ணா வரவே மாட்டேங்குது" என்றார். சரிம்மா, கொடுங்க பார்க்கலாம் என்று வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். பக்கவாட்டில் யூ.எஸ்.பி. துளைக்குள் ஒரு அரிசி மாட்டிக்கொண்டிருந்தது.

அரிசியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தேன். அடிமூடியை நெம்பித் தூக்கியதும் புளித்த பால் வாடை குப்பென்று வந்தது. கீபோர்டின் ரிப்பன் கேபிள் மதர்போர்டில் சொருகும் இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு படலம், அதன் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. தேய்க்காமல் விட்ட செப்புப் பாத்திரத்தின் விளிம்பில் பார்த்திருப்பீர்களே, அதே பச்சைதான். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் தளும்பி நின்றது. "காபிண்ணா" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அப்புறம் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது டம்ளர் சரிந்து முக்கால் டம்ளர் காபி கீபோர்டில் கொட்டிவிட்டது. துடைத்தார். பக்கத்து அறைப் பெண்ணிடம் ஹேர் டிரையர் வாங்கிச் சூடு காட்டினார். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று விடுதிச் சமையல் அக்காவிடம் இரண்டு கிலோ அரிசி கடன் வாங்கி அதற்குள் புதைத்து வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து பவர் பட்டனை அழுத்திப் பார்த்தார். சனிக்கிழமை மதியம் லேப்டாப் ஆன் ஆகிவிட்டது. கடவுளே என்று கும்பிட்டுவிட்டு சார்ஜரைப் போட்டு வேலை செய்ய உட்கார்ந்தார். இருபது நிமிடம் ஓடி, ஒரு சத்தமும் இல்லாமல் அணைந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை. முதல் சம்பளம்கூட இன்னும் வரவில்லை, அதில் லேப்டாப் காசைப் பிடித்துவிட்டால் கல்விக் கடனுக்கு என்ன செய்வது என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறார்.

இதைக் கேட்கும்போது எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நினைவுக்கு வந்துவிட்டது. கம்பெனி வேலைக்கு வருவதற்கு முன்னால் நான்கு வருடம் அங்கே ஒரு சர்வீஸ் கடையில் இருந்தேன். அண்ணா சாலையில் இருந்து உள்ளே திரும்பினால் ஆள் நடக்க இடமில்லாமல் பெட்டியும் வண்டியுமாக இருக்கும் தெரு அது, அதில் ஒரு குறுகலான மாடிப்படி ஏறினால் எங்கள் கடை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் மாலை, கஸ்டமர் ஒருவரின் லேப்டாப் திறந்த நிலையில் மேசையில் கிடக்க, கை பட்டு டீ கிளாஸ் அதன் மேலேயே கவிழ்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. கடைக்கார அண்ணன் அடுத்த மேசையில் இருந்து எழுந்து வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பேட்டரியைக் கழட்டிட்டியா?"

கழற்றியிருந்தேன். "அப்ப ஒண்ணும் ஆகாது, பிரஷ்ஷை எடு" என்றார். ஐ.பி.ஏ. என்று நாங்கள் சொல்லும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். மறுநாள் அந்த மெஷின் ஓடியது. கஸ்டமரிடமும் அண்ணன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். யார் கொட்டினது, எப்படிக் கொட்டினது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் நான் இன்றுவரை என் வேலையில் முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

ஏன் பேட்டரி என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பலரும் ஈரம்தான் லேப்டாப்பைக் கொல்கிறது என்று நினைக்கிறார்கள். ஈரம் மட்டும் என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நாங்களே பழுதான போர்டுகளைத் திரவத்தில் முக்கித்தான் சுத்தம் செய்கிறோம். ஈரமும் மின்சாரமும் சேரும்போதுதான் கெடுதல். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, ஆனால் நாம் குடிக்கிற எதிலும் உப்போ அமிலமோ கரைந்திருக்கிறது. அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தேங்கி நிற்க, ஒரு பக்கம் வோல்டேஜ் இருந்தால், செம்பு கரைந்து அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கத்துக்கு நகர ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கம்பி போலப் படிந்து ஷார்ட் ஆகிறது, அல்லது சிப்பின் உலோகக் கால் ஒன்று முழுவதுமாக அரித்துப்போய்விடுகிறது. டிஸ்பிளே கனெக்டரில் இது நடந்தால் ரொம்ப மோசம். திரைக்கு வெளிச்சம் தரும் அதிக வோல்டேஜ் லைனும், பிராசஸரில் இருந்து நேராக வரும் சிக்னல் லைன்களும் அங்கே பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்று மற்றொன்றில் தொட்டால் பிராசஸரே போய்விடும்.

முன்பெல்லாம் லேப்டாப்பின் அடியில் ஒரு லாக்கைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இப்போது அது உள்ளே ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கிறது. அதனால் ஆஃப் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை. லேப்டாப் அணைந்திருந்தாலும், பவர் பட்டனை எப்போது அழுத்துவார்கள் என்று காத்திருக்கும் சில பகுதிகளுக்கு 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்தப் பெண் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்த நேரமெல்லாம் உள்ளே அரிப்பு நடந்துகொண்டேதான் இருந்தது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை அரிசியால் உறிஞ்ச முடியாது, தவிட்டுத் தூளைத்தான் உள்ளே அனுப்பும். தண்ணீர் தானாகவே ஒரு நாள் காய்ந்து போய்விடும், சர்க்கரையும் பாலும் உப்பும் எங்கேயும் போகாது. ஹேர் டிரையர் அதைச் சுட்டு ஓடாக்கிவிடும்.

எது கொட்டியது என்று மறைக்காமல் சொல்லுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவதற்கும் காரணம் இருக்கிறது. வெறும் தண்ணீர் என்றால் ஒரு மாதிரி சுத்தம் செய்வேன். பால் கலந்த காபி, டீ என்றால் கொழுப்பும் சர்க்கரையும் சிப்புகளுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், பிரஷ் அங்கே போகாது, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட வேண்டியிருக்கும். கோலா மாதிரி பானங்களில் பாஸ்போரிக் அமிலம் இருக்கிறது. இளநீர் உடம்புக்கு நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் உப்பு அதிகம், போர்டில் கொட்டினால் மின்சாரத்துக்கு நல்ல பாதை போட்டுக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது நீர் மோருக்குத்தான். உப்பும் உண்டு, புளிப்பும் உண்டு, கறிவேப்பிலையும் உண்டு. ஏப்ரல், மே வந்தால் எனக்கு மோர் லேப்டாப் ஒன்றாவது வந்துவிடும்.

சரி, அந்தப் பெண்ணின் லேப்டாப்புக்கு வருகிறேன். பேட்டரி கனெக்டரைப் பிடுங்கி, போர்டைத் தனியாக எடுத்து, 99 சதவீத ஐ.பி.ஏ.வில் இரண்டு முறை கழுவினேன். (கை கழுவும் சானிடைசரை ஊற்றிப் பார்த்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் கலந்திருக்கும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.) மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சார்ஜிங் சிப்புக்குப் பக்கத்தில் ஒரு கெபாசிட்டரின் ஒரு முனை அரித்துக் கரைந்தே போயிருந்தது. மீட்டர் வைத்தால் மெயின் லைன் ஷார்ட். கெபாசிட்டரை மாற்றினேன், சார்ஜிங் சிப்பை மாற்றினேன், ஷார்ட் போனது, ஆனால் மெஷின் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஓடிய அந்த இருபது நிமிடத்தில்தான் உள்ளே வேறு எதுவோ போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவே எனக்கு ஒரு போன் வந்திருந்தால் ஒரு கீபோர்டு மாற்றுவதோடு முடிந்திருக்கும். இதை நான் அடித்துச் சொல்வேன்.

டேட்டா இருக்கும் எஸ்.எஸ்.டி. மட்டும் தப்பியது. அது காபி போகாத ஓரத்தில் இருந்தது. அதை ஒரு வெளிக்கூட்டில் போட்டு வேறு ஒரு மெஷினில் மாட்டியபோது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது, கம்பெனி கணக்கில் அது பதிவாகியிருந்ததால் பிழைத்தோம். சொந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த எண் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய மேக்புக்குகளில் இந்த வழியும் கிடையாது, சேமிப்புச் சிப்புகளைப் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், போர்டு உயிர் பெற்றால்தான் டேட்டா. ஃபோல்டர்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தபோது அந்தப் பெண் பெருமூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறம் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் படிவத்தில் அப்போது 'சேதத்துக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் முதல் வரியிலேயே இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் மேனேஜரையும் எச்.ஆர்.ஐயும் பார்த்துப் பேசினேன். ஊழியரை நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர் அலட்சியத்தால் சேதம் வந்தால் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே சொன்னது, ஆனால் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் பிடிக்க முடியும் என்றும் அதே சட்டம் சொன்னது. அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. நான் அதை எடுத்துச் சொன்னேன். அதைவிட முக்கியமாக, பயத்தால் நாம் இழக்கிற காசுதான் அதிகம் என்று சொன்னேன். "அப்ப எல்லாரும் அஜாக்கிரதையா இருப்பாங்களே" என்றார் கணக்குப் பிரிவில் ஒருவர். யாரும் வேண்டுமென்று காபியைக் கொட்டுவதில்லை சார் என்றேன். எனக்குக் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் குரலை உயர்த்தவில்லை.

மூன்று கூட்டத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் முதல் தடவை காசு பிடிப்பதில்லை. அந்தப் பெண்ணிடமும் பிடிக்கவில்லை. சாதாரண வாரண்ட்டியில் திரவச் சேதம் வராது என்பதால், புதிதாக வாங்கும் மெஷின்களுக்கு விபத்துச் சேதப் பாதுகாப்பையும் சேர்த்து வாங்குகிறோம். படிவத்தின் முதல் வரி இப்போது 'என்ன கொட்டியது, எத்தனை மணிக்கு' என்று இருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் பேன்ட்ரி சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: சார்ஜரைப் பிடுங்கு, பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடி, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி விரித்துக் கீபோர்டு கீழே பார்க்கக் கவிழ்த்து வை, மறுபடி ஆன் செய்து பார்க்காதே, எங்களைக் கூப்பிடு. அந்தத் தாளை வரைந்து கொடுத்தது அந்தப் பெண்தான். ஓட்டு வீட்டுப் படத்தை அவரே போட்டார், வாசலில் ஒரு திண்ணையும் சேர்த்து.

நேற்று மதியம் இரண்டரைக்குப் போன் வந்தது. முன்பு கூட்டத்தில் என்னோடு வாதாடிய அதே கணக்குப் பிரிவுக்காரர். "தம்பி, மோர் கொட்டிடுச்சு. சார்ஜரைப் பிடுங்கிட்டேன், ஆஃப் பண்ணிட்டேன், கவுத்து வெச்சிருக்கேன், யாரையும் தொட விடலை" என்று மூச்சு வாங்கச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் படியிலேயே ஓடினேன். போன் வந்து ஆறாவது நிமிடம் பேட்டரி கனெக்டர் என் கையில் இருந்தது. போர்டின் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது, பச்சையாக எதுவும் பூத்திருக்கவில்லை. கழுவி, என் மேசை விளக்குக்குக் கீழே காய வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் காலை போய்த்தான் பேட்டரியை மாட்டிப் பார்க்க வேண்டும்.