சங்கரா மீனும் சாட்சிப் பொருள்களும்

நான்காம் வகுப்பில் முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை பாடத்துக்குப் படத்தைவிட எலும்பே மேல் என்று கருதி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீனோ நண்டோ சமைத்தால் மிஞ்சுவதைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவருமாறு பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். தொண்டிப் பக்கத்துக் கடல்மீன் வந்து இறங்கும் காரைக்குடி வட்டாரத்தில் இதற்குப் பஞ்சமில்லை. கழுவியவர்கள் பலர், காயவைத்தவர்கள் சிலர் என்பதைத் திங்கட்கிழமை காலை வாசலிலேயே மூக்கு அறிவித்துவிட்டது.

மேசையில் செய்தித்தாளை விரித்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் சங்கரா மீனின் நடுமுள், தலையிலிருந்து வால்வரை கண்ணி கண்ணியாக, சேதமின்றி இருந்தது. மறுபக்கம் இறால் தோலும் நண்டு ஓடும் குவிந்தன. நண்டுக்கு எலும்பே இல்லை என்றதும் ஒரு சிறுமி எழுந்து, “எங்க அப்பத்தாவுக்கு நண்டு கடிச்சுத்தானே டீச்சர் பல்லு போச்சு?” என்றாள். நண்டின் கெட்டியெல்லாம் வெளியே உள்ள ஓடுதான், வளரும்போது அது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பெறும் என்று விளக்கினேன். அப்பத்தாவுக்கும் அப்படிப் புதுப்பல் வருமா என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பாடத்திட்டம் இல்லை.

உண்மையான சோதனை, லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் பையன் கூண்டிலிருந்து கழற்றி வந்த வெள்ளைக் கணவாய் ஓட்டால் வந்தது. உடலுக்குள்ளேயே இருப்பதால் அது எலும்புதான் என்று அவன் வாதாடினான். பெரியவர்களே தடுமாறும் இடம் இது. அது நத்தை ஓட்டின் உறவு, உள்ளே ஒளிந்துகொண்ட ஓடு, அதிலுள்ள நுண்ணிய அறைகளில் வாயு இருப்பதால் கணவாய் மிதக்கிறது, கண்ணிகளோ தண்டுவடமோ அதில் இல்லை என்று சொல்லி, எல்லோரையும் தத்தம் முதுகைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். வளைந்து நெளிவதால் பாம்புக்கு எலும்பு கிடையாது என்ற கடைசி வரிசையினர், அதற்கு 200க்கும் மேற்பட்ட கண்ணிகள் உண்டு என்றதும் அடங்கினர்.

அத்தனை பேரும் முதுகைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் சத்துணவுக் கூடத்துப் பூனை சன்னல் வழியே குதித்து, சங்கரா முள்ளைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. ஓடும் தோலும் மட்டும் மிஞ்ச, முதுகெலும்புள்ளவை பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

“பூனையையே பிடிச்சு வச்சிரலாம் டீச்சர்,” என்றான் கணவாய்க்காரன். “இப்ப அதுக்கு ரெண்டு முதுகெலும்பு.”