சுருள் நூலில் நைனாவுக்கு ஒரு கையில்லா ஸ்வெட்டர்

நைனாவின் கையில்லா ஸ்வெட்டர் ஒருவழியாக முடிந்துவிட்டது. ஊசி நம்பரும், கண்ணிக் கணக்கும் (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுருள் நூலில் போட நினைப்பவர்களுக்கும் உதவும். வழவழப்பான நூலில் பழகிய கை இந்த நூலோடு சட்டென்று ஒத்துப்போகாது.

வேலூரில் இருந்துகொண்டு ஸ்வெட்டரா என்று சிரிக்க வேண்டாம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர்தான். ஆனால் மார்கழி பிறந்தால் நைனா ஜமுனாமரத்தூருக்கு, அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். மாமாவுக்கு அங்கே பள்ளிக்கூட வேலை. போளூரிலிருந்து பஸ் மலை ஏற ஆரம்பித்ததுமே காற்று மாறிவிடும். அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு. மேகம் இல்லாத ராத்திரி நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு நல்லது. தரையின் சூடெல்லாம் மேலே போய்விடுவதால் விடியற்காலையில் நடுங்குகிறவர்களுக்கு நல்லதில்லை.

நைனாவிடம் கடையில் வாங்கிய முழுக்கை ஸ்வெட்டர் உண்டு. கை கழுவ, தண்ணீர் மொள்ள, எதற்கும் கையை மடித்துவிட வேண்டியிருக்கிறது என்று அதைப் பெட்டிக்கு அடியிலேயே வைத்திருக்கிறார். "மார்பும் முதுகும் மூடினா போதும்மா, கை என்னாத்துக்கு?" என்பது அவர் கட்சி. அரைக்கைச் சட்டைக்கு மேல் போடுகிற மாதிரி, வி கழுத்தோடு ஒன்று என்று முடிவாயிற்று.

நூல் கிடைப்பதுதான் இங்கே கஷ்டம். லாங் பஜார் பக்கம் லேஸ், பட்டன், ஃபால்ஸ் விற்கிற கடைகளில் அக்ரிலிக் பேபி உல்லன் கிடைக்கும். ஒயர் கூடை பின்ன ஒயர் எத்தனை நிறம் கேட்டாலும் கிடைக்கும். சுருள் நூல் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதையே நாம்தான் சொல்ல வேண்டும். கடைசியில் தபாலில் வரவழைத்தேன். பூக்லே என்று பெயர் போட்டு விற்கிறார்கள். பாதி கம்பளி, பாதி அக்ரிலிக், 50 கிராம் உருண்டை ஏழு. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். அழுக்குத் தெரியாது, நைனாவின் எந்தச் சட்டைக்கும் ஒத்துப்போகும். சாயத்தொட்டி நம்பர் எல்லா உருண்டையிலும் ஒன்றுதானா என்று பார்த்தே வாங்கினேன். மீறியும் நிறம் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால் இரண்டு உருண்டையை வைத்துக்கொண்டு இரண்டு வரிக்கு ஒன்று மாற்றி மாற்றிப் பின்னினேன். அதோடு அதே பழுப்பில், ஏறக்குறைய அதே கனத்தில், சாதா நூல் 100 கிராம். இந்தச் சாதா நூல் இல்லாவிட்டால் காரியம் நடந்திருக்காது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். லுங்கித் தறியில் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தவர். உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நூலா, சிக்கா?" என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒரு முழம் வெட்டி வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருகினார். முதலில் மெல்லிய இழை ஒன்று, தலைமுடி கனம்தான் இருக்கும், மேலே சுற்றியிருந்தது கழன்று வந்தது. அது போனதும் சுருள்கள் பிடிப்பில்லாமல் நழுவின. நடுவில் நேராக ஓடுகிற ஒரு நூல், அதன்மேல் அலையலையாகக் கிடக்கிற இன்னொரு நூல், இரண்டையும் கட்டிப்போட இந்த மெல்லிசு. ஆக மூன்று. அலையாகக் கிடந்த இழையை இழுத்து நீட்டி, நடு நூல் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நடு நூல் ஒரு சாண் என்றால் இது ஒன்றரைச் சாணுக்கு மேல் வந்தது. "நடுவுல இருக்கிறது இழுத்தாப்ல போவுது, மேல இருக்கிறத வேகமா உட்டுக்கினே இருந்திருக்கான். மிச்சம் எங்க போவும்? சுருண்டுக்குது" என்றார்.

எனக்கு அந்தக் கால் மணி நேரத்தில் பாதி விஷயம் விளங்கிவிட்டது. பலம் நடு நூலில் மட்டும்தான், சுருள் வெறும் அலங்காரம். ஊசி நுனி கூராக இருந்தால் சுருளுக்குள் புகுந்துகொண்டு, கண்ணியை எடுத்ததாக நம்மை நம்பவைக்கும். மழுங்கின நுனி ஊசிதான் இதற்குச் சரி. இந்த நூலை வைத்துத் தையல் போடவும் கூடாது, துணிக்குள் இழுக்கும்போதே சுருள்கள் ஒரு பக்கமாகக் குவிந்துவிடும்.

மாதிரித் துண்டு போடாமல் இதில் இறங்கவே கூடாது. 6-ம் நம்பர் ஊசியில் துண்டு மிதியடி கனத்துக்கு வந்தது, 4-ம் நம்பரில் தொளதொள. 5-ம் நம்பர், அதாவது 5.5 மில்லிமீட்டர், சரியாக இருந்தது. (நம் ஊர் போனி ஊசிகளில் பழைய கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், புதிதாக வாங்குபவர்கள் மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.) அலசிக் காயவைத்த பிறகு அளந்தால் 10 சென்டிமீட்டருக்கு 14 கண்ணி, 20 வரி. துண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் நல்ல விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. சுருள்கள் பெரும்பாலும் பர்ல் பக்கத்துக்கே, அதாவது வளையங்கள் மேடு மேடாகத் தெரியும் பக்கத்துக்கே, தள்ளிக்கொண்டு வருகின்றன. வழக்கமாக வெளிப்பக்கமாக வைக்கிற நிட் பக்கம் ஏதோ தேய்ந்த மாதிரி இருக்க, பர்ல் பக்கம் ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி மொசுமொசுவென்று இருந்தது. பர்ல் பக்கத்தையே வெளிப்பக்கமாக வைத்துக்கொண்டேன்.

டிசைன் எதுவும் போடவில்லை. கேபிள், வைரக் கட்டம் என்று மணிக்கணக்காக உழைத்தாலும் இந்த நூலில் ஒன்றும் தெரியாது. அதெல்லாம் வழவழப்பான நூலுக்கு.

நைனாவுக்கு மார்பு 38 அங்குலம். சட்டைக்கு மேல் போடுவதால் லூஸ் 3 அங்குலம் சேர்த்து 41, அதாவது 104 சென்டிமீட்டர். பாதி 52. அதற்கு 73 கண்ணி, ஓரத் தையலுக்கு இரண்டு சேர்த்து 75. கீழ்ப் பட்டையைச் சாதா நூலில் 7-ம் நம்பர் ஊசியில் போட்டேன். 90 கண்ணி கோர்த்து, இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப், 6 சென்டிமீட்டர். சுருள் நூலில் ரிப் போட்டால் பள்ளமும் மேடும் தெரியாது, இழுத்துவிட்டால் திரும்பி வரும் குணமும் இருக்காது. ரிப் முடிந்ததும் 5-ம் நம்பர் ஊசிக்கு மாறி, சுருள் நூலில் முதல் வரியிலேயே ஒவ்வொரு ஆறு கண்ணிக்கும் கடைசி இரண்டைச் சேர்த்துப் பின்னினால் 90 சரியாக 75 ஆகிவிடும். அங்கிருந்து 60 வரி நேராக. மொத்தம் 36 சென்டிமீட்டர் வந்ததும் கைக்குழி: இரு பக்கமும் ஐந்தைந்து கண்ணி மூடி, ஒரு வரி விட்டு ஒரு வரி இரு பக்கமும் ஒவ்வொன்றாக ஆறு முறை குறைத்தால் 53 நிற்கும். கைக்குழி உயரம் 48 வரி. தோளுக்குப் பதினாறு பதினாறு, கழுத்துக்கு 21. சாதா நூலில் குறைக்கும்போது இடப்பக்கம் சாய்வது, வலப்பக்கம் சாய்வது என்று பார்க்க வேண்டும். இங்கே அந்தக் கவலை இல்லை. எப்படிக் குறைத்தாலும் சுருளுக்குள் மறைந்துவிடும்.

மறைவது நல்லதுதான், ஆனால் எல்லாமே மறைகிறது. எந்த வரியில் இருக்கிறோம் என்று பின்னலைப் பார்த்து எண்ண முடியாது. ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை போட்டு வைத்து, வரிக்கு ஒன்றாக இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினேன். பத்து வரிக்கு ஒரு ஊக்கு ஓரத்தில். டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நடு நூல் மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும், அப்போது கண்ணிகளை ஓரளவு எண்ணலாம். இருபது வரிக்கு ஒருதரம் வெள்ளைப் பருத்தி நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி வைத்தேன். சுருள் நூலைப் பிரிப்பது என்றால் சுருளோடு சுருள் கொக்கி போட்டுக்கொள்ளும், இழுத்தால் நடு நூலே அறும். அந்த வெள்ளை நூல் இருந்தால் பிரிவது அதோடு நின்றுவிடும்.

கண்ணை நம்பாமல் விரலை நம்புவதை எனக்குக் கற்றுக் கொடுத்தது வங்காளத்துத் திதி (வங்காளத்தில் திதி என்றால் அக்கா). எங்கள் வீட்டு மாடியில் அறைகளை சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது அம்மா காலத்திலிருந்து வழக்கம். வீட்டுக்காரருக்குப் பார்க்க வந்த அந்தத் திதி மாதக்கணக்கில் தங்கியிருந்தார். ஷோஜா, உல்டோ என்று நிட்டையும் பர்லையும் அவரிடம்தான் கற்றேன். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது, விரலைப் பிடித்து வைத்துக் காட்டுவார். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது கண் டோக்கன் நம்பரில் இருக்கும், விரல் ஊசியில் ஓடும். இடது ஆள்காட்டி விரலால் அடுத்த கண்ணியை ஊசி நுனிக்குத் தள்ளும்போதே, அது கண்ணியா வெறும் சுருளா என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கண்ணி ஊசியைச் சுற்றி இறுகி உட்கார்ந்திருக்கும், சுருள் வழிந்துகொண்டிருக்கும். பேபி உல்லனில் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சுருள் நூலில் இதுவே முழு வித்தை.

ஆடியில் ஆரம்பித்ததால் வெயில் விடவில்லை. கை வேர்த்தால் நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். மூங்கில் ஊசி நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஈரக் கைக்கு அது நகரவே மாட்டேன் என்கிறது. அலுமினிய ஊசி வழுக்கிக்கொண்டு போயிற்று. வட்ட ஊசியில் ஒரே குழாயாகப் பின்னினால் ஓரத் தையல் மிச்சம்தான், ஆனால் முழு ஸ்வெட்டரையும் மடியில் போட்டுக்கொண்டு புரட்டாசிப் புழுக்கத்தில் உட்கார முடியுமா? துண்டு துண்டாகப் பின்னுவதுதான் நம் ஊருக்கு லாயக்கு. காலை காபிக்கு அப்புறம் ஒரு பத்து வரி, ராத்திரி ஃபேனுக்கு அடியில் கொஞ்சம்.

முன்பாகத்தில் வி கழுத்தைக் கைக்குழி தொடங்கும் வரியிலேயே பிரித்துவிட்டேன். நடுக் கண்ணி ஒன்றை ஊக்கில் நிறுத்தி, இரு பக்கமும் தனித்தனியாக. கைக்குழிக் குறைப்பு ஒரு ஓரத்தில் நடக்கும்போதே கழுத்து ஓரத்தில் நாலு வரிக்கு ஒன்றாகப் பத்து முறை குறைக்க வேண்டும். 40 வரியில் அது முடியும், மீதி எட்டு வரி நேர். தோளுக்குப் பதினாறு கண்ணி சரியாக நிற்கும். கழுத்தை இவ்வளவு கீழே இறக்கியதற்குக் காரணம் சட்டைப் பை. செல்போன், மூக்குக் கண்ணாடி, பஸ் டிக்கெட் எல்லாம் நைனாவுக்குச் சட்டைப் பையில்தான். வி இறக்கமாக இருந்தால் கை நேராக உள்ளே போகும், ஸ்வெட்டருக்குத் தனியாகப் பை வேண்டாம். பட்டன் வைக்கச் சொன்னார், மறுத்துவிட்டேன். சுருள் நூலில் பட்டன் ஓட்டை இளகி, கொஞ்ச நாளில் பட்டன் தானே கழன்று நிற்கும்.

தோளை இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து மூன்றாவது ஊசியால் சாதா நூலில் மூடினேன். மொத்த எடையும் தொங்குகிற இடம், அங்கே இளகினால் ஸ்வெட்டரே நீண்டுவிடும். ஓரத் தையலும் சாதா நூலில்தான், புளியங்கொட்டைக் கணக்கு இரண்டு பாகத்துக்கும் ஒன்றாக இருந்ததால் ஊக்குக்கு ஊக்கு பொருந்தி உட்கார்ந்தது. கழுத்துக்கும் கைக்குழிக்கும் நாலு வரிக்கு மூன்று கண்ணி எடுத்து, 7-ம் நம்பரில் ரிப். வி முனையில் நடுக் கண்ணியோடு இரு பக்கக் கண்ணிகளையும் சேர்த்து மூன்றை ஒன்றாக்கிக்கொண்டே வந்தால் முனை கூராக நிற்கும். நூல் முனைகளை ஒளிப்பதில் மட்டும் சுருள் நூல் தாராளம், எங்கே செருகினாலும் தெரியவில்லை.

அலசும்போது ஐப்பசி மழை. பச்சைத் தண்ணீரில் ஷாம்பு கொஞ்சம் விட்டு முக்கி, பிழியாமல், துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்தேன். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்துவிட்டு ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும், அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ந்தது என்று முடிவு கட்டக் கூடாது. கொடியில் போட்டால் அந்த எடைக்கே இழுத்துக்கொள்ளும். கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்துப் பரத்தினேன், கீழேயிருந்தும் காற்று வரும். அயர்ன் பாக்ஸ் பக்கமே கொண்டுபோகவில்லை. அக்ரிலிக் கலந்த நூலில் சூடு பட்டால் சுருள் செத்துப் படுத்துக்கொள்ளும், திரும்ப எழுந்திருக்காது.

போட்டுப் பார்த்த நைனா முதலில் சட்டைப் பைக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்தார். எடுக்க வந்தது. "பரவால்லம்மா" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. நீளம் 60 சென்டிமீட்டர், உட்கார்ந்தால் கீழ்ப் பட்டை தொப்பைக்கு மேல் ஏறாமல் நிற்கிறது. பின்பக்கம் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் குனியும்போது நன்றாக இருக்கும், அடுத்ததில் நாலு வரி கூட்டுவேன்.

ஒரு உருண்டை மீந்திருக்கிறது. மாமா குல்லா கேட்டு ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். அந்தச் சுருள் காதோரம் குறுகுறுக்கும் என்று தோன்றுகிறது. மடிப்பு வருகிற இடத்தை மட்டும் சாதா நூலில் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு மிச்சமிருக்கிற பழுப்பு போதுமா என்று இனிமேல்தான் எடை போட வேண்டும்.